அறுபதுக்கு மேல் வாடகை வீடு தேடுவது ஏன் தனிக் கணக்கு?

நகரங்களில் வாடகை ஏறுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் பேச்சு இளைஞர்களைச் சுற்றியே போகிறது. முதல் வேலை, முதல் வீடு, சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது என்ற புலம்பல். ஓய்வு பெற்றபின் சொந்த வீடு இல்லாமல், அல்லது இருந்ததை விற்றுவிட்டு, அடுக்குமாடியில் வாடகைக்குப் போகிறவர்கள் இந்தப் பேச்சில் வருவதே இல்லை. அவர்களுக்கும் அதே விளம்பரங்கள், அதே தரகர்கள், அதே ஒப்பந்தப் படிவம்தான், ஆனால் கணக்கு வேறு. முப்பது வயதுக்காரர் வாடகை கட்டுப்படியாகுமா என்று மட்டும் பார்த்தால் போதும். வருமானம் ஏறும், வீடு பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மாறிக்கொள்ளலாம். எழுபதை நெருங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த வீட்டில் நான் எத்தனை வருடம் இருக்க முடியும்?"

ஏனென்றால் வயது ஏற ஏற வீடு மாறுவது பணத்துக்கும் உடம்புக்கும் சேர்த்தே செலவு வைக்கிறது, அதோடு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு உரிமையாளரைச் சம்மதிக்க வைக்கவும் வேண்டும். எத்தனை வருடம் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று:

1. கையில் உள்ள வருமானம் அந்த வாடகையை எத்தனை வருடம் தாங்கும்.
2. மாறிக்கொண்டே போகும் உடம்பு அந்த வீட்டில் எத்தனை வருடம் புழங்கும்.
3. ஒப்பந்தமும் சட்டமும் எத்தனை வருடம் இருக்க விடும்.

மூன்றில் எது முதலில் தீர்கிறதோ அதோடு அந்த வீடு முடிந்தது. வாடகை மலிவு என்று நான்காவது மாடியில் லிப்ட் இல்லாத வீட்டை எடுத்தால் பணக்கணக்கில் பதினைந்து வருடம் தாங்கலாம், முழங்கால் கணக்கில் மூன்று வருடம்தான். அப்படியானால் அது மூன்று வருட வீடு.

வருமானத்தில் 30 சதவீதம் என்ற விதி

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது இயற்கை விதி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1969இல் எட்வர்ட் புரூக் என்ற செனட்டர் கொண்டுவந்த சட்டத்திருத்தம், அரசுக் குடியிருப்புகளில் வாடகை வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. 1981இல் அந்த வரம்பை 30 ஆக்கினார்கள். அரசுக் குடியிருப்புக்காக வந்த இந்த எண்தான் பின்னாளில் உலகம் முழுக்க அறிவுரையாகப் பரவிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவரத் துறையோ வீட்டுச் செலவு கைவரும் வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டினால்தான் 'அதிகச் சுமை' என்று கணக்கிடுகிறது. இடத்துக்கு இடம் கோடு மாறுகிறது.

முதியவர்களுக்கு இந்த விதி இரண்டு வகையில் பொருந்தாது.

முதலாவது, சதவீதம் மிச்சத்தைக் காட்டுவதில்லை. 100 வருமானத்தில் 30 போக 70 மிஞ்சும் இருவரில், ஒருவருக்கு மருந்துச் செலவு 5, இன்னொருவருக்கு 35 என்றால் இருவர் நிலையும் ஒன்றா? வீட்டுவசதி ஆய்வாளர்கள் இதற்காகவே மிச்ச வருமான முறை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதாவது சாப்பாடு, மருந்து, மின்சாரம், போக்குவரத்து, அவசரத்துக்குக் கொஞ்சம் என்று முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதி இருப்பதுதான் வாடகைக்கு என்று தலைகீழாகப் போடும் கணக்கு. வயதானவர்களுக்கு இதுதான் சரி.

இரண்டாவது, அந்த விதி இன்றைய தேதிக்கு மட்டும் பேசுகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எண்கள் கற்பனைதான். வருமானம் 100, வாடகை 35. ஓய்வூதியம் வருடம் 2 சதவீதம் ஏறுகிறது, வாடகை 6 சதவீதம். பத்து வருடம் கழித்து வருமானம் சுமார் 122, வாடகை சுமார் 63. அதாவது வருமானத்தில் பாதிக்குமேல் வாடகை. மற்ற விலைகளும் வருடம் 2 சதவீதம்தான் ஏறின என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், முதல் வருடம் கையில் மிஞ்சிய 65, இன்றைய மதிப்பில் 49 ஆகச் சுருங்கியிருக்கும். மருந்தும் மருத்துவமனையும் இன்னும் கூடிய காலத்தில்.

ஆகவே வீடு பார்க்கும்போது இன்றைய வாடகையைவிட அது எப்படி ஏறும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் வருடாந்திர உயர்வு எழுத்தில் இருக்கிறதா, இல்லை 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டிருக்கிறார்களா? 10 சதவீதம் கூடுதல் வாடகை கேட்டு, உயர்வு வருடம் 3 சதவீதம்தான் என்று எழுதித் தரும் வீடு, இன்று மலிவாகவும் உயர்வு பற்றி வாயே திறக்காமலும் இருக்கும் வீட்டைவிடப் பல நேரம் லாபம். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், வாகன நிறுத்தம் இவற்றையும் வாடகையோடு சேர்த்தே கூட்டுங்கள், அவை தனித்தனியாக ஏறக்கூடியவை.

வீட்டுக்குள் எதைப் பார்ப்பது

பாதுகாப்பான வீடு என்றதும் மனம் திருட்டுக்குத்தான் போகிறது. காவலாளி இருக்கிறாரா, கேமரா இருக்கிறதா, இரட்டைப் பூட்டா? வேண்டியவைதான். ஆனால் வயதானவர் வீட்டில் பெரிய ஆபத்து குளியலறைத் தரை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், இதில் மிகுதியானவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். பிழைத்தவர்களிலும் இடுப்பெலும்பு முறிந்தவர்கள் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை.

இதை வீடு பார்க்கப் போன இடத்திலேயே சோதிக்கலாம். கையில் ஒரு அளவு நாடா போதும்.

1. குளியலறை வாசற்படி. தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஐந்து, பத்து செண்டிமீட்டர் மேடு கட்டியிருப்பார்கள். பகலில் ஒன்றும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு, தூக்கத்தில், கண்ணாடி போடாமல் போகும்போது கால் தட்டுவது அங்கேதான். ஈரத்தரையில் செருப்பில்லாமல் ஒரு அடி வைத்துப் பாருங்கள், தரை வழுக்குமா என்று உள்ளங்காலே சொல்லிவிடும்.

2. பிடிமானம் வைக்கச் சுவர் இருக்கிறதா. கழிப்பறைப் பக்கத்துச் சுவரை விரலால் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுக்கும். கெட்டிச் சுவர் என்றால் கைப்பிடிக் கம்பி பொருத்தலாம். உள்ளே வெற்றிடமுள்ள பலகைத் தடுப்பு என்றால், அதற்குள் தனியாக வலுவூட்டாமல் கம்பி மனித எடையைத் தாங்காது, திருகோடு பெயர்ந்து வரும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்து பழகியவர்கள் நிறையப் பேர், அது அதற்காகச் செய்த பொருளே இல்லை.

3. கதவின் அகலம். நிலைச்சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அளக்காதீர்கள். கதவை 90 பாகை திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர்ப்பக்க நிலை வரை அளந்தால்தான் உண்மையான வழி தெரியும். சக்கர நாற்காலிக்கு அமெரிக்க அணுகல் விதிகள் கேட்கும் குறைந்தபட்சம் 81.5 செ.மீ., நாற்காலி முழுதாகத் திரும்ப சுமார் ஒன்றரை மீட்டர் வட்டம். நாற்காலி இன்று தேவையில்லை, சரி. இடுப்பு முறிந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் குளியலறைக் கதவு 60 செ.மீ. என்றால், அந்த வீடு அன்றோடு முடிந்தது.

4. வெளிச்சம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு வந்து சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்கு வருவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பது கண் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அதனால் வீடு காட்ட வரும் இளம் தரகருக்கு 'நல்ல வெளிச்சம்' என்று தெரிவது உங்களுக்கு மங்கல். மாடிப்படி, நடைவழி, வாசல் மூன்றையும் இருட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருவில் பயமில்லாமல் நடக்க முடியுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

5. வெந்நீர். 60 பாகை செல்சியஸ் நீர் சுமார் ஐந்து நொடியில் தோலை ஆழமாகப் பொசுக்கும். 49 பாகையில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். வயதான தோல் மெல்லியது, கையை இழுக்கும் வேகமும் குறைவு. குழாயில் வரும் வெப்பத்தைக் குறைத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கட்டடத்து நுழைவாயிலில் படி இருந்தால் "சரிவுப்பாதை போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். பரவலாக ஏற்கப்பட்ட சரிவு 1:12. அதாவது 15 செ.மீ. உயரமுள்ள ஒரே படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும், மூன்று படி என்றால் ஐந்து மீட்டரைத் தாண்டும். வாசலுக்கு முன்னால் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்த்தால் அந்த வாக்குறுதியின் மதிப்பு புரிந்துவிடும்.

எந்த மாடி?

லிப்ட் இருந்தால் எந்த மாடியும் ஒன்றுதான் என்ற நினைப்பு, லிப்ட் ஓடும் வரைதான். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது உயர்ந்த கட்டடங்களில் மின்சாரம் போய், லிப்ட் நின்று, மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறாமல், பல முதியவர்கள் நாள்கணக்கில் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். புயல்வரை போக வேண்டாம், லிப்ட் பழுதாகி உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்கும் இரண்டு வாரம் போதும். ஆகவே தரகரை விட்டுவிட்டு, படியில் எதிர்ப்படும் குடியிருப்பாளரிடம் கேளுங்கள்: கடைசியாக லிப்ட் எப்போது நின்றது, சரியாக எத்தனை நாள் ஆனது, மின்சாரம் போனால் லிப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா?

தீ விஷயம் இன்னும் கடுமையானது. தீப்பிடித்தால் சாதாரண லிப்டைப் பயன்படுத்தக்கூடாது, படிதான் வழி. லண்டனின் கிரென்ஃபெல் டவர் 24 மாடிக் கட்டடம், வெளியேற ஒரே படிக்கட்டு. 2017 ஜூன் 14ஆம் தேதி தீயில் 72 பேர் இறந்தார்கள். அங்கே வசித்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் தப்பவில்லை. படியிறங்க முடியாதவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்று கட்டடத்தில் தனித் திட்டமே இல்லாதது விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை படிக்கட்டு, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, நடக்க இயலாதவருக்கு என்ன ஏற்பாடு? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வரும், அதுவும் ஒரு தகவல்தான்.

கடைசி மாடி வாடகை சில கட்டடங்களில் குறைவாக இருக்கும், காரணம் வெப்பம். 1995 ஜூலையில் சிகாகோ வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நடந்த ஆய்வு, தனியாக வாழ்ந்தவர்களுக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று கண்டது. 2003 கோடையில் பிரான்சில் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். கூரைக்கு நேர் கீழே படுக்கையறை இருப்பது அங்கேயும் ஆபத்துக் காரணங்களில் ஒன்று. வயதாகும்போது தாகமும் வியர்வையும் மந்தமாகிவிடுவதால் உடம்பு சூடேறுவது தெரிவதே இல்லை. என் கணிப்பில் ஒன்றிலிருந்து மூன்றாவது மாடி வரை, மேலே இன்னும் ஒரு மாடியாவது இருப்பதுபோல எடுப்பது நல்லது. தரைத்தளம் படிக்கு வசதி, ஆனால் வெள்ளம் தேங்கும் பகுதியா என்று விசாரிக்காமல் எடுக்கக்கூடாது.

ஒப்பந்தம்

இங்கே ஒரு முரண் இருக்கிறது. முதியவருக்கு இரண்டு எதிரெதிர் விஷயங்கள் ஒரே நேரத்தில் வேண்டும்: உரிமையாளர் தன்னைச் சுலபமாக வெளியேற்ற முடியாத நீண்ட காலம், ஆனால் தான் மட்டும் நினைத்தபோது வெளியேறும் வசதி. மருத்துவமனை, பராமரிப்பு இல்லம், பிள்ளைகள் வீடு என்று திடீரென்று போக நேரலாம். மூன்று வருடம் கட்டாயம், இடையில் போனால் மீதி வாடகை முழுவதும் கட்ட வேண்டும் என்று இருக்கும் ஒப்பந்தம் பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் அது பூட்டு. 'உடல்நலக் காரணத்தால் இரண்டு மாத அறிவிப்பில் வெளியேறலாம்' என்று ஒரு வரி கேட்டுச் சேர்த்துக்கொள்வது முன்பணத்தில் பேரம் பேசுவதைவிடப் பயன் தரும்.

அப்புறம் வெளியேற்றம். உரிமையாளர் காரணம் சொல்லாமலே காலிசெய்யச் சொல்லலாமா என்பது நாட்டுக்கு நாடு வேறு. சில உதாரணங்கள்:

1. பிரான்சில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, 65 வயதைத் தாண்டிய குறைந்த வருமான வாடகைதாரருக்கு, அருகிலேயே பொருத்தமான மாற்று வீடு காட்டாமல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. உரிமையாளரும் 65ஐத் தாண்டியவர் என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

2. ஜெர்மனியில் வெளியேற்றம் கடும் இன்னல் தரும் என்று வாடகைதாரர் ஆட்சேபிக்கலாம். ஆனால் முதுமை மட்டுமே போதாது. அந்த இடத்தோடு உள்ள வேர், உடல்நிலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் 2021இல் சொன்னது.

3. நியூயார்க் நகரில் வாடகைக் கட்டுப்பாடுள்ள வீடுகளில், 62 வயதைத் தாண்டி, வருமான வரம்புக்குள் இருந்து, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வாடகை தருபவர்களுக்கு வாடகையை அப்படியே நிறுத்தி வைக்கும் திட்டம் இருக்கிறது. உரிமையாளருக்கு அந்த வித்தியாசம் சொத்துவரிச் சலுகையாகக் கிடைக்கும்.

இப்படிப்பட்ட திட்டங்கள் தானாக வந்து சேராது, விண்ணப்பித்தால்தான் உண்டு. உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று கையெழுத்திடும் முன்பே சட்ட உதவி மையத்தில் கேட்டுவிடுங்கள்.

கணவன் மனைவி இருவரும் குடியேறினால் ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்து அவர் முதலில் போய்விட்டால், மற்றவர் அந்த வீட்டில் யார் என்ற கேள்வி துக்க வீட்டிலேயே எழும். தனியாக இருப்பவர் என்றால், பல இடங்களில் ஒப்பந்தம் மரணத்தோடு தானாக முடிவதில்லை. மீதி வாடகைக்கு அவர் விட்டுப்போன சொத்திலிருந்து கேட்பார்கள். இதற்கும் ஒரு வரி எழுதலாம்.

உரிமையாளர் ஏன் தயங்குகிறார்

வயதைச் சொன்னதும் 'வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது' என்ற பதில் வரும். இதைச் சட்டம் தடுக்காதா? நினைப்பதைவிடக் குறைவாகத்தான் தடுக்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் வயது இல்லை, சில மாநிலங்கள் தாமாகச் சேர்த்திருக்கின்றன. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்திலும் வீடு வாடகைக்கு விடும் பகுதியில் வயது விலக்கப்பட்டிருக்கிறது. ஊனத்துக்குப் பாதுகாப்பு உண்டு, கைப்பிடிக் கம்பி பொருத்த அனுமதி கேட்கும்போது அது உதவும்.

தயக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஜப்பான் வெளிப்படையாகவே காட்டுகிறது. வருமானம் நின்றுபோகும் பயம் ஒருபக்கம். பெரிய பயம், தனியாக இருப்பவர் வீட்டிலேயே இறந்து, நாள்கணக்கில் தெரியாமல் போய், பிறகு பொருள்களை யார் எடுப்பது என்று தெரியாமல், வீடு அடுத்தவருக்குப் போகாமல் கிடப்பது. அதனால் அங்கே மாற்றங்கள் அந்தப் பயத்தையே குறிவைத்து வந்தன. 2001ஆம் ஆண்டுச் சட்டம், வாடகைதாரர் உயிரோடு இருக்கும் வரை நீடித்து, இறந்ததும் முடியும் வாழ்நாள் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. 2021இல் வந்த அரசு வழிகாட்டி, வீட்டில் நிகழ்ந்த இயற்கை மரணத்தை அடுத்து வருபவரிடம் பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது.

இதில் வாடகைதாரர் எடுத்துக்கொள்ள நல்ல செய்தி உண்டு. உரிமையாளர் வாய்விட்டுக் கேட்காத கேள்விகளுக்கு நீங்களே பதிலைக் கையில் கொண்டுபோகலாம்: ஓய்வூதிய அத்தாட்சியும் சில மாத வங்கிக் கணக்கு அறிக்கையும், முந்தைய உரிமையாளரின் கடிதம், தினமும் உங்களோடு பேசும் ஒருவரின் பெயரும் எண்ணும், அவசியமானால் பொருள்களை எடுத்து வீட்டைக் காலிசெய்யப் பொறுப்பேற்பவரின் கையெழுத்து. இதை எழுதுவது சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் 'இல்லை' என்று தொடங்கும் பேச்சை இது மாற்றுகிறது. ஒன்று மட்டும் வேண்டாம்: சம்மதிக்க வைப்பதற்காக ஒரு வருட வாடகையை முன்கூட்டியே தருகிறேன் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். வீட்டில் கோளாறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்த மாத வாடகைதான்.

எப்படியாவது வீடு கிடைத்தால் போதும் என்ற அதே அவசரத்தைத்தான் மோசடிக்காரர்களும் நம்பியிருக்கிறார்கள். வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் கேட்டால், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி கூரியரில் வரும் என்று கதை வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பகுதி வாடகையைவிட மிக மலிவாக இருப்பதும் சந்தேகத்துக்குரியதுதான்.

முதியோர் குடியிருப்பும் காத்திருப்புப் பட்டியலும்

'முதியோர்களுக்கான அடுக்குமாடி' என்ற பலகைக்குப் பின்னால் மூன்று வேறு பொருள்கள் இருக்கலாம். வயது வரம்பு மட்டும் வைத்த சாதாரண வீடு. சாப்பாடும் செவிலியரும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் இடம். வருமானத்தைப் பார்த்து வாடகை வைக்கும் அரசு அல்லது அறக்கட்டளை வீடு. அமெரிக்கச் சட்டத்தில் எல்லோரும் 62ஐத் தாண்டியவர்களாகவோ, 80 சதவீத வீடுகளிலாவது 55ஐத் தாண்டிய ஒருவர் இருப்பதாகவோ இருந்தால் அந்தக் குடியிருப்பு குழந்தையுள்ள குடும்பங்களை மறுக்கலாம். கதவு அகலத்தைப் பற்றி அந்த வரையறை ஒன்றும் சொல்வதில்லை. ஆக பெயரை நம்பி அளவு நாடாவை வீட்டில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. சேவை சேர்ந்த இடங்களில் வாடகையையும் சேவைக் கட்டணத்தையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், வாடகை உயர்வுக்கு வரம்பு இருந்தாலும் சேவைக் கட்டணத்துக்கு இல்லாமல் போகலாம்.

மூன்றாவது வகைதான் பணக்கணக்கில் நீண்ட காலம் தாங்குவது, அதற்குத்தான் வரிசையும் நீளம். பெரிய நகரங்களில் வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. எனவே தேவை வரும்போது விண்ணப்பிக்கலாம் என்பது இங்கே எடுபடாது. இன்றைய வீட்டில் நன்றாக இருக்கும்போதே, தகுதி வயது வந்ததும், ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களில் பெயரைப் போட்டுவிட வேண்டும். பெயர் பதிந்த பிறகு பல இடங்களில் அவ்வப்போது 'இன்னும் விருப்பமா?' என்று கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புவார்கள், பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். இடையில் வீடோ தொலைபேசி எண்ணோ மாறினால் ஒவ்வொரு பட்டியலுக்கும் எழுத்தில் தெரிவித்து, தெரிவித்ததற்கு ஒரு ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.